பட்டாபி சார் திரும்பும் பக்கம்

"உங்களுக்கு இடது எது, வலது எதுன்னாவது தெரியுமா பாய்? நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

நேற்று அத்தனை பேர் எதிரே காஜா மொய்தீனிடம் அப்படிச் சொன்னதில் பட்டாபிக்குத் துளியும் வருத்தமில்லை.

கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர், மாமல்லபுரம் கடற்கரையில் தினமும் காலையில் ஓசியில் டாய் சி கற்றுத் தருகிறார். கையும் காலும் அலுங்காமல், மெதுவாக நகர வேண்டிய சீனப் பயிற்சி அது. இந்தக் கூட்டத்துக்கு எங்கே ஏறுகிறது? முன்பெல்லாம் சுமாராகச் செய்தவர்கள்கூட இப்போது அவர் முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் அசைகிறார்கள். அதிலும் சங்குக் கடை வைத்திருக்கிற இந்த காஜா மொய்தீன், கழுத்தை நீட்டி அவரைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் காலையே எடுப்பார். களிமண் மண்டைகள் என்று மனைவி கோமளத்திடம் தினமும் அலுத்துக்கொள்வார்.

இன்று கிளம்ப நேரமாகிவிட்டது. கண்ணாடியைக் கோமளம் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டாள் என்று வீட்டை இரண்டாக்கினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதற்கும் கோமளத்துக்குத்தான் திட்டு விழுந்தது.

கடற்கரைக்கு வந்தவர், கரையேற்றியிருந்த படகுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் இடத்தில் நின்று நடத்திக்கொண்டிருந்தவர் காஜா மொய்தீன்.

பற்றிக்கொண்டு வந்தது. ஆள் கொஞ்சம் அசந்தால் இடத்தைப் பிடித்துக்கொள்வதா, வெட்கமாக இல்லை?

ஆனால் யாரும் யார் முதுகையும் பார்க்கவில்லை. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்து முடித்தார்கள். களிமண் மண்டைகளுக்கு ஒரே ராத்திரியில் இது எப்படி வந்தது?

புதிதாகச் சேர்ந்த ரவிச்சந்திரனும் அதைத்தான் கேட்டார். "இவ்ளோ நல்லா பண்றீங்களே பாய், சார் எதிர்ல மட்டும் ஏன் எல்லாரும் சொதப்புறீங்க?"

"சாருக்கு மறதி நோய் வந்துகினு கீதுப்பா," என்றார் காஜா மொய்தீன். "செங்கல்பட்டு டாக்டர் சொன்னதை அவர்கிட்ட சொல்ல முடியாம கோமளம்மா எங்க வூட்ல வந்து அழுதாங்க. சார் பாதியில மறந்துபோயி வேற பக்கம் திரும்பிடுவாரு. அப்போ நாமளும் அதே பக்கம் திரும்பிடணும். எல்லாரும் சேர்ந்து தப்பு பண்ணா, அவருக்குத் தப்பு தெரியாது. நேத்து நான்தான் கவனிக்காம கரெக்டா திரும்பிட்டேன்."

 பட்டாபி படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தமாக இருமிவிட்டு வெளியே வந்தார்.

காஜா மொய்தீன் அவசரமாகக் கடைசி வரிசைக்கு ஓடினார்.

"பாய், நேத்து நான் உங்களைச் சொன்னது..." என்று ஆரம்பித்தார் பட்டாபி.

"நேத்து இன்னா சொன்னீங்க சார்?" என்றார் காஜா மொய்தீன். "எனக்கு சுத்தமா மறந்து போச்சு."