முதலில் வைப்பவன்

"போலீஸ்!" என்று அவன் ஹெட்செட்டுக்குள் அதட்டினான்.

பின்னால் நின்ற சூப்பர்வைசர் தலையை ஆட்டினான்.

சூப்பர்வைசர் வேறு நாட்டுக்காரன். தமிழில் நான்கு சொற்கள் தெரியும். போலீஸ், கேஸ், அரெஸ்ட், அக்கவுண்ட். நான்கும் தமிழ் இல்லை. மற்றதையெல்லாம் குரலை வைத்தே அளப்பான். இந்தப் பக்கம் அதட்டல் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் பயம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே அவன் அதட்டினான்.

"போலீஸ்னு சொல்லச் சொல்றாங்கம்மா, நான் போலீஸ் இல்ல! கேஸ்! ஒரு கேஸும் கெடையாது! அக்கவுண்ட்ல இருந்து பத்து பைசா அனுப்பாதீங்க! என்னைய இங்க அடைச்சு வச்சிருக்காங்க. போன யாருகிட்டயும் குடுக்காதீங்க. எங்க அண்ணன் நம்பர் சொல்றேன், எழுதுங்க. சீக்கிரம்! சீக்கிரம் எழுதுங்க!"

திரையில் பெயர் இருந்தது. ராக்கம்மாள், அருப்புக்கோட்டை.

குக்கர் ஒரு விசில் விட்டது. அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"மெரட்டிக் கேக்குறவனையும் பாத்துட்டேன். அழுது கேக்குறவனையும் பாத்துட்டேன். ரெண்டையும் ஒண்ணாப் பெசஞ்சு உருட்டித் தர்றவன இன்னைக்குத்தான்டா பாக்குறேன். போயி வேற பொழப்பப் பாரு."

போனை வைத்துவிட்டாள்.

அவள் பணம் தப்பித்தது.

அவன் தப்பிக்கவில்லை.

டேட்டா என்ட்ரி வேலை என்று விமானம் ஏறியவன். பாஸ்போர்ட்டையும் போனையும் வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். இங்கே போன் எண்களைக் கம்ப்யூட்டர்தான் போடும். கையால் போட முடியாது. அவன் எங்கே இருக்கிறான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளியே போக ஒரே வழி, முன்பின் தெரியாத ஒருவர் அவனை நம்புவது.

ஏமாற்றச் சொல்லிக் கொடுத்த இடத்திலிருந்து.

பக்கத்து நாற்காலியில் செல்வின். நாசரேத்துக்காரன். தமிழ் அழைப்புகளின் பதிவைச் சாயங்காலம் கேட்டு, யார் ஒழுங்காகப் பேசவில்லை என்று சொல்வது அவன் வேலை. அதற்குச் சோற்றோடு ஒரு முட்டை கிடைக்கும்.

செல்வின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏல, சாயங்காலம் இத நான்தாம்ல கேக்கணும்."

"கேளு. முட்டைக்கு உப்பு பத்தலன்னா சொல்லு."

அடுத்த அழைப்பு இன்னும் வரவில்லை. அவன் யோசித்தான்.

பயிற்சியில் சொன்னது நினைவிருந்தது. பயமுறுத்து. அவசரப்படுத்து. யாரிடமும் பேசவிடாதே. பிறகு கேள்.

அவனும் அதைத்தான் செய்திருந்தான். அதட்டினான். சீக்கிரம் என்றான். போனை யாரிடமும் கொடுக்காதே என்றான். கடைசியில் ஒன்று கேட்டான்.

சொன்னது உண்மை. அதைச் சொல்லும் விதம் மட்டும் இவர்களுடையது.

ராக்கம்மாள் மேல் தப்பு இல்லை.

ஏமாற்றுகிறவன் எதைச் செய்யவே மாட்டான்?

அவனுக்குப் பதில் தெரியும். இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். திட்டினாலும், துப்பினாலும், அழுதாலும், அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை இந்தப் பக்கம் யாரும் தொடுவதில்லை. தொட்டவனுக்கு முற்றம். உச்சி வெயிலில், செருப்பில்லாமல், சிமெண்டுத் தரையில்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரை வெள்ளையாகக் கொதித்தது.

அழைப்பு வந்தது. தியாகராஜன், மானாமதுரை.

வயதான இருமல். பிறகு, "அலோ, யாரு?"

"போலீஸ்!" என்றான், பின்னால் நிற்பவனுக்காக. அதே அதட்டலில் தொடர்ந்தான்.

"போலீஸ்னு யாரு பேசினாலும் நம்பாதீங்க சார்! என்னையும் நம்பாதீங்க! அக்கவுண்ட்டத் தொடாதீங்க! பரமக்குடி ரயில்வே கேட்டுப் பக்கம் கார்மேகம் வாட்டர் சர்வீஸ், எங்க அண்ணன் வண்டி கழுவுற கடை. எதிர்ல சலூன். அண்ணன்கிட்ட போயி, உங்க தம்பி இருளப்பன் எங்கன்னு கேளுங்க. வெளிநாட்டுல, ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல மஞ்சக் கட்டடத்துல அடைச்சு வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க. அனுப்பின ஏஜெண்ட் யாருன்னு எங்க அண்ணனுக்குத் தெரியும். அவசரமில்ல. யாருகிட்ட வேணும்னாலும் விசாரிங்க. விசாரிச்சுட்டு நம்புங்க."

"தம்பி… இருப்பா. நீ யாரு பெத்த…"

கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பொத்தானை அழுத்தினான்.

சுற்றியிருந்த குரல்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பிடரியில் சூப்பர்வைசரின் கை விழுந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்தது.

செல்வின் இப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அதிகம் அசையவில்லை.

"எதுத்தாப்ல என்ன கடைன்னு சொன்ன?"

"சலூன்."

வெளியே இழுத்துப் போனார்கள்.

சிமெண்டு முதலில் சுட்டது. பிறகு கடித்தது. அவன் காலைத் தூக்கவில்லை. தூக்கினால் திரும்ப வைக்க வேண்டும்.

மானாமதுரைக்காரர் போவார் என்று நிச்சயம் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். கிறுக்கன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நாளைக்கும் அதே நாற்காலிதான். நாளைக்கும் ஒருவர் எடுப்பார்.

நாளைக்கும் அவன்தான் முதலில் வைப்பான்.

நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

பின்னால் கதவு திறந்தது. அவன் திரும்பவில்லை. யாரையோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கத்தினார்கள். அவனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கதவு மூடியது.

செல்வின் ஒரு காலைத் தூக்கினான். இன்னொரு காலைத் தூக்கினான். பிறகு இரண்டையும் ஊன்றிக்கொண்டான்.

"முட்டை போச்சுல," என்றான்.