ஒரு பை அரளி

ஒரு மாடு செத்ததற்கு இத்தனை பேரா என்று முகத்தைச் சுளித்தார் நரசிம்மன்.

ஒரகடத்தில் கார் பாகங்களுக்கு முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் அவர் அட்மின் மேனேஜர். கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஒரு கால்வாய். கால்வாயைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி ஞானம்மாவின் மாட்டுக் கொட்டகை. அங்கேதான் அவளுடைய செவலை மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தது.

“உன் கம்பெனித் தண்ணியக் குட்ச்சுத்தான் சார் செத்துப்போச்சு. இதுக்கு இன்னா சொல்றே?” என்றாள் ஞானம்மா.

“மாடுன்னா சாகத்தான் செய்யும். அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா கம்பெனியை யாரு நடத்துறது?”

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் கம்பெனியின் கழிவுநீர்க் குழாய்ப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. முலாம் தொட்டிகளில் சயனைடு கலப்பார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பம்ப் முந்தின நாள்தான் பழுதாகி, அவசரமாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. அதற்குள் எவ்வளவு தண்ணீர் கால்வாயில் இறங்கியதோ!

மறுநாள் சென்னையிலிருந்து டாக்டர் மதிவதனி வருவதாக அன்று மதியமே தகவல் வந்தது. கால்நடைகளைக் கொல்லும் விஷங்களை ஆராய்கிறவராம். நரசிம்மனுக்குச் சிரிப்பு வந்தது. என்ன படித்தாலும் மாட்டு டாக்டர்தானே? வாயில் இலை இருந்தால் இலை தின்று செத்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறவர். அந்த இலையை வைப்பது ஒரு பெரிய வேலையா?

கம்பெனி முகப்பில் அழகுக்காக வளர்த்த அரளி வரிசையாகப் பூத்து நின்றது. செக்யூரிட்டி கொம்பையாவைக் கூப்பிட்டு, பூஜைக்கு வேண்டும் என்று ஒரு பை நிறையக் கொத்துக் கொத்தாக வெட்டி வாங்கினார். சாயங்காலம் ஊர் ஜனம் மொத்தமும் கம்பெனி கேட்டை மறிக்கப் போயிருந்தது. நரசிம்மன் பின்வழியாகக் கொட்டகைக்குப் போய், செத்த மாட்டின் வாய்க்குள் இலைகளைத் திணித்தார். மீதியைத் தீவனத் தொட்டியில் வைக்கோலோடு கலந்துவிட்டார். கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டார். இந்தப் பட்டிக்காட்டு மூளைகளுக்கு இது போதும் என்று தோன்றியது.

காலையில் அவர் மறுபடி போனபோது கொட்டகையில் இரண்டு மாடுகள் செத்துக் கிடந்தன.

இரண்டாவது, மேய்ச்சல் முடிந்து இருட்டும் நேரத்தில் வந்த சினை மாடு. அப்படி ஒன்று இருப்பதே நரசிம்மனுக்குத் தெரியாது. ஒரு கணம் திடுக்கிட்டார். அடுத்த கணமே, இதுவும் நல்லதற்குத்தான் என்று மனசு கணக்குப் போட்டது. அரளிக்கு இப்போது இரட்டைச் சாட்சி! ஞானம்மா அழக்கூடத் தெம்பில்லாமல் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் மதிவதனி வந்ததும் வேலையில் இறங்கினார். இரண்டு மாடுகளையும் அறுத்துப் பார்த்தார். கால்வாய்த் தண்ணீரை எடுத்தார். ஞானம்மாவின் கொல்லைக்குப் போய்த் திரும்பினார். சிறு காகிதத் துண்டுகளைக் குப்பிகளுக்குள் தொங்கவிட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார் நரசிம்மன்.

கடைசியில் டாக்டர் கையுறையைக் கழற்றினார். “சினை மாட்டோட வயித்துல அரளி இருக்கு. தொட்டியிலயும் அதான்.”

“நான் சொல்லலை?” நரசிம்மன் துள்ளாத குறை. “கம்பெனி பேரைக் கெடுக்க எவனோ அரளியைப் போட்டுட்டு எங்க மேல பழி போடுறான். யாருன்னு உன் பங்காளிங்களைக் கேளும்மா!” என்று ஞானம்மாவைப் பார்த்து உறுமினார். பிறகு விசாரணைக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் மெர்சியிடம் திரும்பினார். “மேடம், அரளி போட்டவனைச் சும்மா விடாதீங்க. உள்ள தள்ளுங்க.”

“கண்டிப்பா சார்,” என்ற மெர்சி, கம்பெனி முகப்பில் வெட்டுப்பட்டு நின்ற அரளியை வரும்போதே பார்த்து விசாரித்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கொம்பையாவை முன்னால் வரச் சொன்னார்.

“பூசைக்குன்னு சொல்லித்தான் எங்க மேனேஜர் சார் வெட்டச் சொன்னாவ,” என்றான் கொம்பையா. “நாந்தான் பை நெறைய வெட்டிக் குடுத்தேன். பொறவு பையோட இந்தப் பக்கமா வந்தாவ.”

கூட்டம் நெருங்கி வந்தது. நரசிம்மனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“மேடம், நான் போட்டது வாஸ்தவம். ஆனா அந்தச் செவலை மாடு அப்பவே செத்துக் கிடந்துச்சு. வாயில இலையை வெச்சேன், அவ்வளவுதான்!”

“தெரியும்,” என்றார் டாக்டர். “நாக்குக்கு அடியில இலை முழுசு முழுசா இருக்கு. செத்த மாடு மெல்லாது சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்! அது அரளியால சாகலை. எங்க பம்ப் ரிப்பேராகி, சயனைடு தண்ணி கால்வாய்ல இறங்கிடுச்சு. அதுல செத்தது. கம்பெனிதான் பொறுப்பு, நான் இல்ல. வேணும்னா எழுதிக் குடுக்குறேன்!”

இவ்வளவு நேரம் கம்பெனி மேல் வீண்பழி என்று குதித்துக்கொண்டிருந்த வாய் அது. யாரோ காறித் துப்பினார்கள்.

டாக்டர் அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“செவலை செத்தது சயனைடாலதான். ஆனா கால்வாய்த் தண்ணியில அது துளிகூட இல்ல. மழையில்லாம வாடுற இளஞ்சோளத்துல சயனைடு தானாவே ஊறும். இந்தம்மா கொல்லையில அந்தச் சோளம்தான் நிக்குது, மாட்டோட வயித்துலயும் அதான் இருக்கு. பாவம், இவங்களுக்கு அது தெரியலை.”

நரசிம்மனுக்கு மூச்சு வந்தது. “அப்போ எங்க கம்பெனி மேல தப்பே இல்லையா?”

“இல்ல சார். கம்பெனி எந்த மாட்டையும் கொல்லலை. சினை மாட்டைக் கொன்னது நீங்கதான்.”