ஏற மறுத்த குட்டிப் புரதம்

ஒற்றைக் கொக்கியோடு போனால் ஆற்றோடு போய்விடுவான். இரட்டைக் கொக்கியோடு போனால் ஆற்றையே நிறுத்துவான். யார் அவன், சொல்லுங்கள்?

ரத்தத்தை உறையவைக்கும் புரதம்தான். கல்லீரலில் பிறந்த ஒரு குட்டிப் புரதம், தன் ஒற்றைக் கொக்கிகளோடு, ரத்த ஆற்றுக்குப் போகும் வாசலில் நின்றது. ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில் இன்னொன்றைப் பொருத்துவது நொதியின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் கால்சியத்தைப் பிடித்துக் காயத்தில் ஒட்ட முடியும்.

"என்ன செய்ய, தம்பி? வைட்டமின் கே கைகொடுக்காமல் பொருத்த முடியாது. அதைக் கொண்டுவரும் கீரை இங்கே வந்து பல நாளாச்சு" என்றது நொதி.

"டேய், ஏறு! முழங்காலில் காயம். ஆள் எண்ணிக்கை குறைகிறது" என்று கத்தியது ரத்தம்.

"எண்ணிக்கையா காயத்தை அடைக்கும்? முன்னால் போனவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டது புரதம்.

"வழுக்கிக்கொண்டு என்னோடே திரும்பிவிட்டார்கள். ஆனால், உன்னைப் போல வாயாடவில்லை!"

"அதனால்தான் வழுக்கினார்கள். இரட்டைக் கொக்கி இல்லாமல் நான் வரமாட்டேன். முடிந்தால் இழுத்துப் பார்!"

ரத்தம் இழுத்தது. புரதம் நொதியை இறுகக் கட்டிக்கொண்டது.

வெளியே, முழங்காலில் துணி கட்டிய மகிழ்நிலா சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் அப்பளமும் முருங்கைக்கீரையும் இருந்தன. அவள் கீரையை எடுத்து வாயில் வைத்தாள்.