சொன்ன நேரத்துக்கு வந்தவள்

மருந்துக்கடைக்காரி இரண்டு பேருடைய மாத்திரைகளை மாற்றிக் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, தெருமுனைவரை ஓடி, அவர்கள் விழுங்குவதற்குள் பிடுங்கிவிட்டாள். அன்றே, தனக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட மனநல டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"படிச்சிருக்கீங்க, கடை நடத்துறீங்க. இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு வர்றதும்மா. செல்போன்ல நாலு வீடியோ பார்த்துட்டு வந்துடறீங்க!"

"சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் டாக்டர். அடுப்புல வச்ச பாலை..."

"பாலைப் பொங்க விடாதவங்க யாரு? அந்தக் கோளாறு இருக்கறவங்க சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டாங்க. நீங்க எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கீங்க. இதைவிட என்ன பரிசோதனை வேணும்? கொஞ்சம் பொறுப்பா இருங்க, போதும்."

முகம் சுண்டிப்போய் வெளியே வந்தாள். வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்:

"ஏன்க்கா, போன வாரம் வரலை?"

"போன வாரமா?"

"உங்க அப்பாயிண்ட்மென்ட் போன திங்கக்கிழமை. இன்னிக்கு வரவேண்டியவர் வராததாலதான் உங்களை உள்ளே விட்டேன்."

மருந்துக்கடைக்காரி திருதிருவென்று விழித்தாள். பிறகு விறுவிறுவென்று திரும்பிப் போய், கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"டாக்டர், நான் ஒரு வாரம் லேட்டா வந்திருக்கேன். இப்பவாவது பரிசோதனை பண்றீங்களா?"