கழுதைப்புலியின் பின்னால் போனவன்

"நாயிஃபைக் கழுதைப்புலி மயக்கிடுச்சு!" என்று மூச்சிரைக்க ஓடிவந்தான் ஆட்டுக்காரன் அவ்வாத். "பனிமூட்டத்துக்குள்ள 'அப்பா, நில்லுங்கப்பா'னு கத்திக்கிட்டே காட்டுக்குள்ள ஓடுறான். நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல!"

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கழுதைப்புலியிடம் புத்தியைப் பறிகொடுத்தவன் அதை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே குகைவரை போவான், போனால் திரும்ப மாட்டான் என்று எங்கள் அஜ்லூன் மலையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர் கலீஃப் துப்பாக்கியை எடுத்துவிட்டார். ஏழெட்டுப் பேர் தடியோடு கிளம்பினார்கள்.

காப்புக்காட்டின் காவலர் ரகத் ஓடிவந்து வழியை மறித்தாள். அந்தக் காட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெண் கழுதைப்புலி, இரண்டு குட்டிகளோடு. அதைக் கொல்ல இத்தனை நாள் சாக்குத் தேடியவர்களுக்கு இன்று நல்ல சாக்காகவே கிடைத்துவிட்டது.

"சித்தப்பா, அதோட கழுத்துப் பட்டையில இடத்தைக் காட்டற கருவி மாட்டியிருக்கோம். இப்ப அது எதிர் மலையில படுத்துக் கெடக்கு. இதோ, இந்தத் திரையில பாருங்க, நகரவே இல்ல."

"உன் கருவியையும் சேத்து மயக்கிடுச்சு போல," என்றார் கலீஃப். எல்லோரும் சிரித்தார்கள். "பெத்த அப்பனுக்கே ஒரு வருஷமா இவன் முகம் மறந்துபோச்சு. அந்த வேதனையில பயல் நொந்து போயிருந்தான். அப்படிப்பட்டவனைத்தான் அது பிடிக்கும். வழிய விடு, பொண்ணே."

 குறுக்கே விழுந்தாவது அந்தக் குட்டிகளின் தாயைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ரகத் அவர்களுக்கு முன்னால் ஓடினாள்.

ஓக் மரங்களைத் தாண்டிப் பாறைக் குகை. அதன் வாசலில் நாயிஃப் செருப்புகூட இல்லாமல் மண்டியிட்டு, உள்ளே பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான். உள்ளே இருட்டில் ஏதோ அசைந்தது. ரகத்துக்கே தன் கருவிமேல் சந்தேகம் வந்துவிட்டது.

துப்பாக்கியைக் கண்டதும் நாயிஃப் கைகளை விரித்துக்கொண்டு எழுந்தான். "சுடாதீங்க! உள்ள இருக்கறது எங்கப்பா!"

"கேட்டியா?" என்று ரகத்தைப் பார்த்தார் கலீஃப். "நல்லா முத்திப்போச்சு. தலையில ரத்தம் வந்தாத்தான் தெளியும். போடுங்கடா!"

ரகத் பாய்ந்து துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஒரு தடி நாயிஃபின் நெற்றியில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். கலீஃப் அவளை உதறித் தள்ளிவிட்டு, இருட்டில் அசைந்ததைக் குறிபார்த்தார்.

குகைக்குள்ளிருந்து நடுங்கியபடி ஒரு கிழக்குரல் வந்தது.

"எவன்டா அவன், என் நாயிஃபை அடிச்சது?"