அவ குரல்

"எம்புட்டு மாத்திப் பாத்தும் அவ குரல் சரியா வர மாட்டேங்குதுலே சாம்சா."

"பாடுதது யாருண்ணே?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொண்ணு. நேர்ல கேட்டவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்."

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் உளறிராத."

காப்பித் தம்ளரோடு மாடிப்படியில் நின்றபோது வெங்கடேஸ்வரியின் காதில் விழுந்த பேச்சு இது, மேலே கணவனும் அவனோடு மில்லில் வேலை பார்க்கும் பையனும் பேசியது. இரண்டு நாளாகியும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவள் கணவன் பாலகணேஷுக்கு ராஜபாளையத்து நூல் மில்லில் எலக்ட்ரானிக்ஸ் வேலை. வீட்டுக்கு வந்தால் டிஏசிதான் கதி. போனில் வெறும் எண்ணாகக் கிடக்கிற பாட்டைக் குரலாக மாற்றித் தரும் பெட்டி அது, அவனே செய்துகொண்டிருந்தான். ஹெட்போனை மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

"சிப்பு மட்டும் ஒசத்தியா இருந்தாப் போதாதுட்டி," என்று அவளிடமும் முன்பு சொல்லியிருக்கிறான். "கரண்டு சுத்தமா வரணும். கிளாக்கு இம்மி பிசகக் கூடாது. கடைசியா அனலாக் பக்கம் நாம என்ன போடுதோமோ, அதுலதான் குரலுக்கு உசுரு வரும்."

எவளுடைய குரலுக்கு உயிர் கொடுக்கிறான் என்று இப்போதல்லவா விளங்கியது!

அவளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள்தான். அங்கே பாட்டு என்றால் அனுக்ரஹா. பள்ளியில் ஒன்றாகப் படித்தவள், முறையாகப் பாட்டுக் கற்றவள். வேறு யாராக இருக்க முடியும்?

அம்மாவுக்கு 'வாரேன்' என்று டைப் அடித்தாள். வாய்ஸ் மெசேஜ் போடும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. துணிப்பையோடு மாடிக்குப் போய், அவன் தலையிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

பெருமாள் பாட்டு. லேசாகப் பிசிறு தட்டிய, மெல்லிய பெண் குரல். மூச்செடுப்பதுகூடக் கேட்டது. கேட்கக் கேட்க அவளுக்கே உருகியது, அதுதான் பொறுக்கவில்லை.

"அனுக்ரஹாதானே?"

"எந்த அனுக்ரஹா?"

"நடிக்காதீங்க. அவளையே கெட்டியிருக்க வேண்டியதுதானே? நான் காப்பி போடத்தான் லாயக்கு."

"செத்த நேரம் பொறுட்டி. பாட்டு முடியட்டும்."

பாட்டு முடிந்தது. பின்னாலேயே அவள் அம்மாவின் அதட்டல் காதுக்குள் கேட்டது. "ஏட்டி வெங்கடேசு, பாடினது போதும். எந்திரி, மல ஏறணும்."

வெங்கடேஸ்வரி ஹெட்போனைக் கழற்றி, அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா இது? என் குரல் இப்படி இருக்காதே."

"உனக்கு உள்ளருந்து கேக்கும். எங்களுக்கு இப்படித்தான்," என்றான். "உங்க ஊர்ப் பக்கத்துல பெருமாள் கோயில் இருக்குல்லா, அந்தத் திருவண்ணாமல அடிவாரத்துல, உங்களுக்குப் பின்னால உக்காந்து போன்ல எடுத்தது. அதக் கேட்டுத்தான் பொண்ணு கேட்டே வந்தேன். அன்னைக்கு எங்க வீட்டாளுக பாட வருமான்னு கேக்கவும் வராதுன்னுட்ட. பொறவு எனக்குக் கேக்க நாக்கு எழும்பல."

பெட்டியை அணைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எனக்காக ஒரு தடவ பாடுதியா?"