மூன்றாவது விரிசல்

“அடிக்க அடிக்க வெள்ளி முரண்டு பிடிக்கும். லேசா செவக்கிற வரைக்கும் காய்ச்சி, செவப்பு அடங்கினதும் தண்ணியில போட்டா, மறுபடியும் சொன்ன பேச்சைக் கேக்கும்.”

“அடங்குறதுக்கு முன்னாடி போட்டா?”

“வெடிச்சுடும். இந்த வேலைக்கு அவசரம் ஆகாது.”

செல்லக்கண்ணு தன் இறந்துபோன தாயின் கொலுசை அழித்துக் காப்புச் செய்யக் கொடுத்த அன்று, பத்தர் துரைசாமி சொன்னது இது. டிராலி பஸ்ஸைவிட்டு இறங்கி சிராங்கூன் ரோட்டைக் கடக்கும்போது அவளுக்கு நினைவு வந்தது. அவசரம் ஆகாதாம். பல்லைக் கடித்தாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் காப்பை அவன் முன்னால் போட்டாள்.

“பாருங்க. மூணாவது தடவையா விரிசல் விட்டிருக்கு.”

“போன வாரம்தானே பொடி வெச்சு ஊதி ஒட்டிக் கொடுத்தேன்?”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

அடுத்த கடையில் தையல் மெஷின் நின்றது. அஹமது கபீர் தலையை நீட்டினார்.

“பத்தரே, இரும்புலயே செஞ்சு குடுத்துடுங்க லா. தங்கச்சிக்கு நடந்து நடந்து செருப்பே தேஞ்சிருக்கும்.”

துரைசாமியின் காது சிவந்தது. “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நாலு பேர் காதுல விழுந்தா என் பொழைப்பு போயிடும்.”

“பேச வேண்டியதைப் பேசத் தெரியாதவங்களுக்குப் பொழைப்பு ஒண்ணுதான் குறைச்சலா?”

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காத அந்த முழி அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

“ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. மாப்பிள்ளை துறைமுகத்துல கணக்கெழுதுற கிராணி. அம்மாவோட வெள்ளி கையில இல்லாம அவங்க முன்னாடி நான் நிக்க மாட்டேன்.”

சுத்தியல் அவன் கைநழுவிப் பலகையில் விழுந்தது. குனிந்து எடுத்தவன் நிமிரவில்லை.

“நல்ல இடமா?”

“அப்பா தலையாட்டிட்டார்.”

“நல்லது. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணித் தர்றேன்.”

“அவ்வளவுதானா?”

“கூலி வேண்டாம்.”

அவளுக்குக் கண் கலங்கியது. கூலியாம். காப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து, விரிசலை உற்றுப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“இது என் வேலையில வந்த விரிசல் இல்ல. உள்ள கறுப்பு ஏறியிருக்கு. நெருப்புல போட்டுச் செவப்பு அடங்குறதுக்குள்ள தண்ணியில அமுக்கி, மேல புளி போட்டுத் தேச்சிருக்காங்க.” அவன் எழுந்தே விட்டான். “யார்கிட்ட குடுத்தீங்க? எந்தப் பட்டறைக்காரன் என் பேரைக் கெடுக்கப் பார்க்கிறான்? சொல்லுங்க, இப்பவே போய் சட்டையைப் பிடிக்கிறேன்.”

செல்லக்கண்ணு இதுவரை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். இரண்டு விரல்களில் தீக்கொப்புளம்.

“எங்க வீட்டுக் கரியடுப்போட சட்டையைத்தான் பிடிக்கணும். மூணு தடவையும் வெடிக்க வெச்சது நான்தான். இங்க வர்றதுக்கு எனக்கு வேற சாக்கு கிடைக்கல.” குரலில் கோபம் மட்டும் குறையவில்லை. “இனி உடைக்க அதுல இடமில்ல. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வந்து, எங்க அப்பாகிட்ட என்னைப் பொண்ணு கேளுங்க.”